சந்தேகம்னு நினைச்சு 'டவுட்' போட்டேன், ரெண்டு மணி நேரம் போச்சு

கட்டைவிரல்

நேத்து ராத்திரி ஷிஃப்ட்ல நடந்தது. சர்வர் தடுமாறிக்கிட்டு இருந்துச்சு. டிஸ்க் நிரம்பியிருக்கும்னு எனக்குச் சந்தேகம். வேற நாட்டுல உட்கார்ந்திருக்கிற சக பொறியாளருக்கு சாட்ல "ஐ டவுட் த டிஸ்க் இஸ் ஃபுல்"னு தட்டிவிட்டேன். அவர் "ஓகே, தேங்க்ஸ்"னு போட்டுட்டு வேலையில இறங்கிட்டார். அவர் டிஸ்க்கைத்தான் பார்க்கிறார்னு நான் அடுத்த டிக்கெட்டுக்குப் போயிட்டேன்.

ரெண்டு மணி நேரம் கழிச்சும் சர்வர் எழுந்திருக்கலை. நானே உள்ள போய்ப் பார்த்தா டிஸ்க்ல ஒரு பொட்டு இடமில்லை. மனுஷன் அதுவரைக்கும் நெட்வொர்க்கைக் குடைஞ்சிருக்கார். "ஏன் இதை முதல்லயே பார்க்கலை?"ன்னு கேட்டா, என் மெசேஜையே எடுத்து என்கிட்ட ஒட்டுறார். "அதுவா இருக்காதுன்னு நீதானே சொன்னே?"

பத்து தடவை படிச்சுப் பார்த்தேன். இன்னும் எனக்கு அது "சந்தேகப்படுறேன்"னுதான் படுது. நான் என்ன தப்பு பண்ணினேன்?

இதோட இன்னொண்ணு. எங்க மேனேஜர் போன மாசம் ஒரு பட்டியல் குடுத்தார். மெயில்ல 'கெட்'னு எழுதாதே, 'அப்டெயின்' போடு. 'ஆஸ்க்' வேண்டாம், 'என்கொயர்' போடு. 'ஹெல்ப்'புக்கு 'அசிஸ்ட்', 'ஸ்டார்ட்'டுக்கு 'கமென்ஸ்', 'டெல்'லுக்கு 'இன்ஃபார்ம்'. அர்த்தம் ஒண்ணுதான், மரியாதை மட்டும் கூடும்ங்கிறார். இப்ப அதுலயும் எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சிவப்பு மை

தம்பி, விடைத்தாள்களில் நான் அதிகம் சுழித்த சொற்களில் இது ஒன்று. தப்பு உங்களுடையது மட்டுமில்லை, தமிழுடைய பழக்கம் அது.

நம் 'சந்தேகம்' இரண்டு பக்கமும் சாயும். "அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகப்படறேன்" என்றால், எடுத்தான் என்ற பக்கம் சாய்கிறீர்கள். "அவன் வருவானாங்கறது சந்தேகம்தான்" என்றால், வரமாட்டான் என்ற பக்கம். சொல் ஒன்றே, அதற்கு முன்னால் வரும் வால்தான் திசையைக் காட்டுகிறது. '-ஆ' ஒட்டினால் ஒரு திசை, 'என்று' ஒட்டினால் இன்னொரு திசை. ஆங்கிலத்தில் இந்த வேலையை வினைச்சொல்லே எடுத்துக்கொண்டுவிட்டது. 'டவுட்' என்றால் மனசு இல்லை என்ற பக்கம். 'சஸ்பெக்ட்' என்றால் ஆம் என்ற பக்கம். நீங்கள் அனுப்பியதன் பொருள், "டிஸ்க் நிரம்பியிருக்கும்னு எனக்குத் தோணலை." அவர் அதை நம்பி நெட்வொர்க்குக்குப் போனார். அவர் மேல் குற்றமில்லை.

'சஸ்பெக்ட்'டில் ஒரு எச்சரிக்கை. அதற்குப் பின்னால் முழு வாக்கியம் வந்தால் சாது. "ஐ சஸ்பெக்ட் யூ ஆர் ரைட்" என்றால் நீங்கள் சொல்வது சரியாக இருக்கும்போல என்றுதான் பொருள். பின்னால் ஆள் மட்டும் வந்து நின்றால் அது குற்றச்சாட்டு. "ஐ சஸ்பெக்ட் யூ" என்று எழுதிவிட்டு அடுத்த நாள் வேலைக்குப் போகாதீர்கள்.

பெயர்ச்சொல்லும் இதே ரகம்தான். பாடம் புரியாத மாணவன் "ஐ ஹேவ் எ டவுட்" என்பான். நமக்கு அது பணிவான கேள்வி. பழக்கமில்லாத காதுக்கு, நீங்கள் சொன்னதில் எனக்கு முழு நம்பிக்கையில்லை என்று கேட்கும். 'கொஸ்டின்' என்று சொல்லிவிட்டால் வம்பில்லை.

எதிர்க்காத்து

ஆசிரியர் ஐயா எப்பவும் போல நம்மாளைக் குனிய வைக்கிறார். ஹாம்லெட்டில் இளவரசன் அப்பாவின் ஆவியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் என்ன சொல்கிறான்? "ஐ டவுட் சம் ஃபவுல் ப்ளே." ஏதோ சதி நடந்திருக்கும்னு சந்தேகப்படுறேன் என்கிறான். சதி இல்லை என்று சொல்லவில்லை. ஷேக்ஸ்பியர் செய்தால் இலக்கியம், நம்ம கட்டைவிரல் செய்தால் சிவப்புச் சுழியா?

ஸ்காட்லாந்துக்காரர்களிடம் இன்றும் இது உயிரோடு இருக்கிறது. மழை வரும்போலத் தெரிந்தால் "ஐ டவுட் இட்'ல் ரெய்ன்" என்பார்கள். வரும் என்றுதான் அர்த்தம்.

கட்டைவிரல்

அண்ணே, அந்த ஹாம்லெட் வரியை அப்படியே எடுத்து அவருக்கு அனுப்பிட்டேன். "நீ நானூறு வருஷம் லேட்"னு பதில் வந்திருக்கு.

சிவப்பு மை

எதிர்க்காத்து சொன்னது முற்றிலும் உண்மை. அந்தக் காலத்தில் அச்சொல்லுக்கு அஞ்சு, ஐயுறு என்ற இரண்டு நிழலும் இருந்தது. பிறகு பொது ஆங்கிலத்தில் ஒன்று உதிர்ந்துவிட்டது. உதிர்ந்ததை எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்ளலாம், வேலை நேரத்தில் வேண்டாம்.

கொசுறாக ஒன்று. 'டவுட்'டில் உச்சரிக்கப்படாமல் ஒரு 'பி' உட்கார்ந்திருக்கிறதே, அது பிறவியிலேயே இருந்ததல்ல. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்த எழுத்து கிடையாது. மூலச்சொல் லத்தீனில் 'துபிடாரே' என்று கண்டுபிடித்த படிப்பாளிகள் பின்னாளில் செருகிவைத்தார்கள். பிள்ளைகள் இன்றுவரை அதற்காக மதிப்பெண் இழக்கிறார்கள்.

ஆறாம் வேற்றுமை

நான் ஒப்பந்தங்களை மொழிபெயர்த்துப் பிழைப்பவள். மேனேஜர் பட்டியலைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

அந்தப் பட்டியலின் அடிப்படையே கோணல். பெரிய சொல் என்பது சின்ன சொல்லுக்குக் கோட்டு மாட்டிவிட்டது போல என்று அவர் நினைக்கிறார். கனமான வினைச்சொல் பெரும்பாலும் சின்னதன் ஒரு துண்டு மட்டுமே. 'கெட்' ஒரு பெரிய வீடு, 'அப்டெயின்' அதில் ஒரு அறை. மின்னஞ்சல் வந்து சேர்ந்தால் 'ரிசீவ்'. அதில் உங்கள் முயற்சி ஒன்றுமில்லை. அனுமதி வாங்க அலைந்தீர்கள் என்றால் 'அப்டெயின்'. அதில் முயற்சி இருக்கிறது. தேடித் திரட்டிக் கொண்டுவந்தால் 'ப்ரொக்யூர்'. "ஐ அப்டெயின்ட் யுவர் மெயில்" என்று எழுதினால், யாருடைய பெட்டியை உடைத்து எடுத்தீர்கள் என்று கேட்கத் தோன்றும். இன்னொரு பக்கம், 'கெட்'டுக்கு "புரிந்தது" என்றும் பொருள் உண்டு. "ஐ கெட் இட்." இந்த இடத்தில் எந்தப் பெரிய சொல்லும் நுழைய முடியாது. 'பை'யும் இப்படித்தான். கடையில் வாங்கினால் 'பர்ச்சேஸ்' என்று போடலாம். "நீ சொல்ற கதையை நான் நம்பலை" என்பதற்கு "ஐ டோன்ட் பை இட்" மட்டும்தான். உருவகமாகப் புழங்கும் பொருளெல்லாம் பழைய, சின்ன சொற்களிடமே தங்கிவிடுகிறது.

'ஸ்டார்ட்', 'பிகின்', 'கமென்ஸ்' இன்னும் சுவாரசியம். கூட்டம் தொடங்கியது என்பதற்கு மூன்றும் நிற்கும். 'கமென்ஸ்' விழா மேடைக்கும் ஒப்பந்தத்துக்கும் உரியது, அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் வண்டியை 'ஸ்டார்ட்' மட்டும்தான் செய்யமுடியும். 'பிகின் த கார்' கிடையாது, 'கமென்ஸ் த கார்' சிரிப்பு. காரணம், 'ஸ்டார்ட்' பழைய ஆங்கிலத்தில் துள்ளு, குதி என்ற பொருளில் இருந்த சொல். தூக்கிவாரிப்போடுவது என்று சொல்லும் 'ஸ்டார்ட்டில்' என்ற வினை அதன் உறவுதான். அசையாமல் கிடந்தது துள்ளி எழுவதால் எஞ்சினுக்கு அது பொருந்தியது. விடியற்காலையில் புறப்படலாம் என்பதற்கும் 'ஸ்டார்ட்'தான்.

அப்புறம் 'ஹெல்ப்'. தண்ணீரில் மூழ்குகிறவன் "அசிஸ்ட்!" என்று கத்தினால் கரையில் இருப்பவர்கள் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். 'அசிஸ்ட்' லத்தீனில் பக்கத்தில் நில் என்பதிலிருந்து வந்தது. முக்கிய வேலையை வேறொருவர் செய்கிறார், நீங்கள் கூட நிற்கிறீர்கள். அறுவை சிகிச்சையில் 'அசிஸ்ட்' செய்கிறவர் கத்தியைப் பிடித்த முதல் ஆள் இல்லை.

எதிர்க்காத்து

இவ்வளவு நுணுக்கம் பார்த்து எவன் மெயில் எழுதுவான்? படிக்கிறவனுக்குப் புரிஞ்சா போதாதா?

ஆறாம் வேற்றுமை

கட்டைவிரலுக்கும் புரிந்திருக்கும் என்றுதான் தோன்றியது. ரெண்டு மணி நேரம் கழித்துத்தானே தெரிந்தது.

ஓரத்து வாசகி

ரொம்ப நாளா ஓரமா உட்கார்ந்து படிக்கிறவ, முதல் தடவையா எழுதறேன். பட்டியல்ல 'ஆஸ்க்'குக்கு 'என்கொயர்' போடச் சொல்லியிருக்காரே, அதுல ஒரு பொறி இருக்கு. 'ஆஸ்க் ஹிம்' சரி. 'என்கொயர் ஹிம்' கிடையாது. ஆளை நேரா வாங்காத வினை அது. 'என்கொயர் அபவுட்'னு விஷயத்தைச் சொல்லலாம், ஆளைச் சொல்லணும்னா 'என்கொயர் ஆஃப் ஹிம்'னு சுத்தி வளைக்கணும். 'ரிக்வெஸ்ட்' போட்டா வினைக்குப் பின்னாடி 'ஃபார்' வரக்கூடாது. 'இன்ஃபார்ம்' போட்டா யாருக்குன்னு ஆளைச் சொல்லியே ஆகணும். "ஐ இன்ஃபார்ம்ட் தட்"னு நிறுத்தினா வாக்கியம் நொண்டும். சொல்லை மாத்தினா அதுக்குப் பின்னாடி வர்றதெல்லாம் மாறும்ங்கிறதை அந்தப் பட்டியல் சொல்றதே இல்லை.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிடறேன். கொஞ்ச நாள் பிரெஞ்சு படிச்சேன். அதுல 'தமாந்தே'ன்னா சாதாரணமா கேளுன்னு அர்த்தம். வழி கேட்கறது, நேரம் கேட்கறது எல்லாம் அதுதான். அந்தப் பழக்கத்துல ஒரு ஆங்கிலக் கடிதத்துல "ஐ டிமாண்ட் எ க்ளாரிஃபிகேஷன்"னு எழுதினேன். எதிர்ப்பக்கத்துலேர்ந்து வக்கீல் வாடை அடிக்கிற பதில் வந்துது! கூடப் பிறந்த சொல்தான் ரெண்டும். கடல் தாண்டினதும் ஒண்ணு கேட்டுது, இன்னொண்ணு மேஜையைத் தட்டித்து.

சிவப்பு மை

அருமையாகச் சொன்னீர்கள் அம்மா, ஓரத்திலேயே இருந்துவிடாதீர்கள்.

கேட்பது ஒரு ஏணி. 'ஆஸ்க்' தரையில் நிற்கிறது, எவரும் எவரையும் கேட்கலாம். 'ரிக்வெஸ்ட்' செய்பவர் மறுப்பு வரலாம் என்று ஒப்புக்கொண்டு கேட்கிறார். 'டிமாண்ட்' மறுப்பை ஏற்காது. 'கொஸ்டின்' வினையாக வந்தால் ஒன்று விசாரணை, அல்லது சொன்னதை ஏற்காமல் எதிர்க்கேள்வி. "ஹி கொஸ்டின்ட் மை டிசிஷன்" என்றால் என் முடிவைப் பற்றி விவரம் கேட்டான் என்றல்ல, என் முடிவு சரியா என்று கிளப்பினான். 'இன்டெராகேட்' என்றால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எழுந்து போகும் உரிமை இல்லை. மேலே போகப்போக மரியாதை கூடவில்லை பாருங்கள், அதிகாரம்தான் கூடுகிறது. மேனேஜர் குழம்பியது இங்கேதான்.

ஆங்கிலத்தில் பணிவு வினைச்சொல்லின் கனத்தில் இல்லை. அது 'குட் யூ', 'வுட் யூ' என்ற துணைவினையிலும், கட்டளையைக் கேள்வியாக மாற்றுவதிலும் இருக்கிறது. "அப்டெயின் த ஃபைல் அண்ட் இன்ஃபார்ம் மீ" என்பதில் இரண்டு கனமான சொற்கள், ஆனால் அது உத்தரவு. "குட் யூ கெட் மீ த ஃபைல்?" என்பதில் இருப்பது எளிய 'கெட்'தான், ஆனால் அதுதான் பணிவு.

கட்டைவிரல்

ஐயா, 'சே', 'டெல்' ரெண்டையும் ஒரு வழி பண்ணிடுங்க. "ஹி டோல்ட் தட்"னு எழுதினா கீழ நீலக்கோடு வருது.

சிவப்பு மை

'டெல்' கேட்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும், 'சே' சொன்னதை வைத்துக்கொள்ளும். 'டோல்ட் மீ', 'செட் தட்'. 'செட் மீ' இல்லை. உண்மை, பொய், கதை மூன்றும் ஆள் இல்லாமலே 'டெல்'லோடு போகும். அதை அப்படியே மனசில் போட்டுக்கொள்ளுங்கள், காரணம் தேடவேண்டாம்.

ஆனால் 'டெல்' எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பிடித்துப்போகும். பழைய ஆங்கிலத்தில் அதற்கு எண்ணு என்று பொருள். ஜெர்மனில் எண்ணுவதற்கு இன்றும் 'ட்ஸேலன்' என்ற உறவுச்சொல் இருக்கிறது. வங்கியில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரை டெல்லர் என்கிறோமே, அவர் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை, பணத்தை எண்ணுகிறார். ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிவைப்பதுதான் கதை சொல்வதாயிற்று. 'சே'யில் அந்த வரிசை கிடையாது, வாயிலிருந்து வந்தது எதுவானாலும் 'சே'.

வாட்ச்மேனும் அப்படித்தான். 'வாட்ச்' முதலில் பார்ப்பதல்ல, விழித்திருப்பது. தூக்கத்திலிருந்து எழும் 'வேக்'கின் தங்கை. அதனால்தான் 'வாட்ச்'சில் நேரம் ஓடுகிறது. அசையாத படத்தை 'வாட்ச்' செய்யமாட்டோம், 'லுக் அட்'தான். ஓடுகிற ஆட்டத்தை 'வாட்ச்' செய்வோம். கண்ணில் தானாகப் பட்டால் 'சீ'. தமிழில் மூன்றுமே 'பார்'.

எதிர்க்காத்து

அதான் கேட்கிறேன். 'பார்' ஒண்ணு, 'சொல்' ஒண்ணு. 'கேள்' இன்னும் மோசம், 'ஹியர்', 'லிசன்', 'ஆஸ்க்' மூணுக்கும் அதே. "டீச்சரைக் கேட்டேன்"னா காதால கேட்டானா, வாயால கேட்டானா? இவ்வளவு வயசான மொழிக்கு இந்த நுணுக்கம் தோணவே இல்லையா?

ஆறாம் வேற்றுமை

தோன்றாமலா? தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் எச்சவியலைத் திறந்து பாருங்கள். ஈ, தா, கொடு மூன்றும் இரந்து கேட்கும் சொற்கள். "ஈ என் கிளவி இழிந்தோன் கூற்றே, தா என் கிளவி ஒப்போன் கூற்றே, கொடு என் கிளவி உயர்ந்தோன் கூற்றே." கேட்கிறவன் தாழ்ந்த நிலையில் இருந்தால் 'ஈ', சமமானால் 'தா', உயர்ந்தவனானால் 'கொடு'. ஒரே செயல், ஒரே கேட்பு, யார் வாயிலிருந்து வருகிறது என்பதை வைத்து வினை மாறுகிறது. உயர்வு தாழ்வு பற்றிய அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் 'ரிக்வெஸ்ட்', 'ஆஸ்க்', 'டிமாண்ட்' என்று சிவப்பு மை ஐயா போட்ட ஏணிக்கு இதைவிடப் பழைய ஏணி வேண்டுமா?

கிளவியாக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைக்கு. செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு. எனக்குத் தா, அவனுக்குக் கொடு. நாம் இதைப் பேச்சில் தொலைத்துவிட்டோம், மலையாளிகள் இன்றும் 'தருக', 'கொடுக்குக' என்று பிரித்தே பேசுகிறார்கள். ஆங்கிலத்தின் 'கம்', 'கோ', 'ப்ரிங்', 'டேக்' ஓடுவது இதே தண்டவாளத்தில்தான். நான் இருக்கும் இடத்துக்கோ நீங்கள் இருக்கும் இடத்துக்கோ என்றால் 'கம்', 'ப்ரிங்'. மூன்றாமிடத்துக்கு என்றால் 'கோ', 'டேக்'. "நாளைக்கு உங்க ஆபீசுக்கு வரேன்" என்று தமிழில் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே "ஐ'ல் கம் டு யுவர் ஆபீஸ்". தமிழ்க் காது இங்கே சரியான வழிகாட்டி. 'ஃபெட்ச்' மட்டும் தனி, போய் எடுத்துக்கொண்டு திரும்பி வா என்ற மூன்று வேலையை ஒரே அசையில் முடிக்கும்.

எதிர்க்காத்து

சரி, தோத்தேன். ஆனா ஒரு கேள்வி. ஆங்கிலத்துல எளிய சொல்லுக்குப் பக்கத்துலயே கோட்டு போட்ட சொல் எப்பவும் தயாரா நிக்குதே, அது எப்படி?

ஆறாம் வேற்றுமை

1066ல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு, வயலிலும் அடுக்களையிலும் ஆங்கிலம், கோயிலிலும் ஏட்டிலும் லத்தீன். பல தலைமுறைக்கு இப்படியே போனது. அதனால் ஒரு செயலுக்கு மூன்று மாடிகள். 'ஆஸ்க்' ஆங்கிலம், 'கொஸ்டின்' பிரெஞ்சு, 'இன்டெராகேட்' லத்தீன். 'ரைஸ்', 'மவுன்ட்', 'அசென்ட்' அதே மாதிரி. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாடலாம் என்று 1362ல்தான் சட்டம் வந்தது, அந்தச் சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டிருந்தது என்பது என் தொழிலில் உள்ளவர்களுக்கு நல்ல சிரிப்பு.

இதை நேரில் பார்க்க ஆசையிருந்தால் இந்தியாவுடையதோ பிரிட்டனுடையதோ, உங்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து உள்ளே இருக்கும் வேண்டுகோள் வாசகத்தைப் படியுங்கள். 'ரிக்வெஸ்ட் அண்ட் ரிக்வயர்' என்று இருக்கும். வேண்டுகிறேன், கூடவே கட்டளையிடுகிறேன். ஒரு கை கூப்பியிருக்கிறது, ஒரு கை ஓங்கியிருக்கிறது. அடுத்து, வைத்திருப்பவரைத் தடையின்றிப் போக 'அலவ்' செய்யவேண்டும், 'வித்அவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்'. இங்கே 'லெட்' என்றால் என்ன?

கட்டைவிரல்

விடு, அனுமதி. ஆனா "அனுமதியோ தடையோ இல்லாம"ன்னா அர்த்தமே வரலையே?

ஆறாம் வேற்றுமை

வராது, ஏனென்றால் அந்த 'லெட்' வேறு சொல். அதற்கும் தடை என்றுதான் பொருள். பழைய ஆங்கிலத்தில் அனுமதி என்ற பொருளில் ஒன்றும் தடு என்ற பொருளில் ஒன்றுமாக இரண்டு வினைகள் இருந்தன, தேய்ந்து தேய்ந்து ஒரே உருவமாகிவிட்டன. தடுக்கும் 'லெட்' செத்துவிட்டது. பாஸ்போர்ட்டில் ஒரு எலும்பும் டென்னிஸில் ஒரு எலும்பும் மிச்சம். சர்வீஸ் பந்து வலையில் உரசி உள்ளே விழுந்தால் 'லெட்' என்கிறார்களே, பந்துக்குத் தடை நேர்ந்தது என்று அர்த்தம்.

உயிரோடு இருக்கும் 'லெட்'டுக்கு வருவோம். 'லெட்', 'அலவ்', 'பெர்மிட்' மூன்றும் அனுமதிதான். வீட்டுப் பேச்சுக்கு 'லெட்', பொதுவுக்கு 'அலவ்', விதிமுறைப் பலகைக்கு 'பெர்மிட்'. ஆனால் "எனக்கு அனுமதி கிடைத்தது" என்று செயப்பாட்டில் திருப்பினால் 'லெட்' கழன்றுவிடும். "ஐ வாஸ் அலவ்ட் டு கோ"தான், "ஐ வாஸ் லெட் டு கோ" இல்லை. 'டு'வைத் தூக்கிவிட்டு "ஐ வாஸ் லெட் கோ" என்றால் என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்று பொருள். ஜாக்கிரதை.

நெறியாளர்

டென்னிஸ் விதிகள் பற்றி வந்த நான்கு பதிவுகளை விளையாட்டுப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். தலைப்பை ஒட்டிப் போகவும்.

எதிர்க்காத்து

என்னுடைய கடைசி ஆயுதம். இந்த 'புட் ஆஃப்', 'லுக் இன்டூ', 'புட் அப் வித்' எல்லாம் தெருப்பேச்சுதானே? 'போஸ்ட்போன்', 'இன்வெஸ்டிகேட்', 'டாலரேட்'டுன்னு ஒத்தைச் சொல்லா எழுதறதுதான் ஒழுங்கு. இதுலயாவது மேனேஜர் சொல்றது சரியா இருக்கும்.

ஓரத்து வாசகி

எனக்கு அப்படித் தோணலை. "உங்க புகாரை வீ வில் இன்வெஸ்டிகேட்"னு ஒரு பதில் வந்தா, யாரோ தப்பு பண்ணியிருக்காங்க, ஃபைல் திறந்துட்டாங்கன்னு எனக்குக் கேட்கும். "வீ வில் லுக் இன்டூ இட்"னா பார்த்துட்டுச் சொல்றோம்னு கேட்கும். 'டாலரேட்' கொஞ்சம் மேலேர்ந்து பார்க்கும், 'புட் அப் வித்'ல பெருமூச்சு இருக்கும். "தினமும் இந்தச் சத்தத்தை எப்படிப் பொறுத்துக்கறே"ன்னு தோழிகிட்ட கேட்கறப்ப 'டாலரேட்' வராது.

'கேரி அவுட்' எவ்வளவு கண்டிப்பான ஆராய்ச்சிக் கட்டுரையிலயும் வரும், 'செட் அப்'பும் அப்படித்தான். துண்டு துண்டா இருக்கிறதாலேயே ஒண்ணு தாழ்ந்துபோயிடாது.

சிவப்பு மை

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். நம்மவர்களுக்கு இங்கே சிக்கல் தலைகீழ். ஆங்கிலம் தாய்மொழியானவர்களின் பிள்ளைகள் 'புட் ஆஃப்'பை மடியில் கற்று, 'போஸ்ட்போன்'னைப் பள்ளியில் கற்கிறார்கள். நாம் 'போஸ்ட்போன்'னைப் புத்தகத்தில் கற்றுவிட்டு 'புட் ஆஃப்'பிடம் பயப்படுகிறோம். அதனால் நம் பேச்சு சில சமயம் அரசாணை போல ஒலிக்கும்.

'ரிவர்ட்' பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். அலுவலகக் கடிதங்களில் "பதில் எழுதுகிறேன்" என்பதற்கு இது புழங்குகிறது. ஆங்கிலத்தின் பெரும்பகுதியில் அதன் பொருள் பழைய நிலைக்குத் திரும்பு. மென்பொருளில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். "ஐ வில் ரிவர்ட் டுமாரோ" என்று கட்டைவிரல் எழுதினால், செய்த மாற்றத்தையெல்லாம் நாளைக்கு அழித்துவிடுவாரோ என்று அந்த வெளிநாட்டு நண்பர் நடுங்கிப்போவார்.

'எக்ஸ்பயர்'ருக்கும் அதே கதை. மூச்சை வெளியே விடு என்பது மூலப்பொருள், உயிர் பிரிந்தது என்று நாம் சொல்வதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆனால் இன்றைய காதில் அது உரிமத்துக்கும் மருந்துப் பாட்டிலுக்கும் உரியதாகிவிட்டது. விடுப்புக் கடிதத்தில் தாத்தா 'எக்ஸ்பயர்ட்' என்று எழுதிய ஒரு பையனுக்குத் திருத்திக் கொடுக்கத் தயங்கினேன். அவன் கண் கலங்கி நின்றான். 'டைட்' என்று எழுதினால் முகத்தில் அடித்தது போல இருக்கும் என்று பெரிய சொல்லைத் தேடி எடுத்திருக்கிறான். 'பாஸ்ட் அவே' என்று மேலே எழுதிக் கொடுத்தேன், சிவப்பில் இல்லை, பென்சிலில்.

ஆறாம் வேற்றுமை

மேனேஜரிடம் காட்ட ஒரு ஆதாரம் வேண்டுமானால், பிரிட்டன் அரசு தன் இணையதளத்தில் எழுதுபவர்களுக்கு வைத்திருக்கும் வழிகாட்டியே 'பர்ச்சேஸ்' வேண்டாம் 'பை' போடு, 'அசிஸ்ட்' வேண்டாம் 'ஹெல்ப்' போடு என்கிறது. அமெரிக்காவில் அரசு எழுத்து எளிமையாக இருக்கவேண்டும் என்று 2010ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஒப்பந்தம் வேறு. அங்கே 'டெர்மினேட்' என்றால் 'எண்ட்' என்று மாற்றிவிட முடியாது. அதற்குப் பின்னால் நோட்டீஸ், கெடு, இழப்பீடு என்று ஒரு ஊர்வலமே வரும்.

கட்டைவிரல்

எல்லாத்தையும் வச்சு பழைய மெயில் ஒண்ணைத் திருத்திப் பார்த்தேன். முன்னாடி இருந்தது:

"கைண்ட்லி அப்டெயின் த லாக் ஃபைல்ஸ் அண்ட் இன்ஃபார்ம். ஐ டவுட் த டிஸ்க் இஸ் ஃபுல். வீ ஷல் கமென்ஸ் இன்வெஸ்டிகேஷன் அண்ட் ரிவர்ட்."

இப்ப:

"குட் யூ செண்ட் அஸ் த லாக் ஃபைல்ஸ்? வீ சஸ்பெக்ட் த டிஸ்க் இஸ் ஃபுல். வீ வில் லுக் இன்டூ இட் அண்ட் கெட் பேக் டு யூ டுடே. வீ கேன் ஆல்ஸோ ஹெல்ப் யூ மூவ் த ஓல்ட் ஃபைல்ஸ்."

சிவப்பு மை

முதலாவதில் வாடிக்கையாளர் யாருக்கு 'இன்ஃபார்ம்' செய்யவேண்டும் என்பது கடைசிவரை தெரியவில்லை. இரண்டாவதை அப்படியே அனுப்பலாம்.

கட்டைவிரல்

அனுப்பறதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட காட்டினேன். ஆச்சரியம், 'சஸ்பெக்ட்', 'லுக் இன்டூ', 'கெட் பேக்' எல்லாத்தையும் விட்டுட்டார். 'ஹெல்ப்' ஒண்ணை மட்டும் அடிச்சுட்டு 'அசிஸ்ட்' போட்டுக் குடுத்திருக்கார். "வீ கேன் ஆல்ஸோ அசிஸ்ட் யூ மூவ்". கிளையண்ட்டுக்குப் போற மெயிலாம், அது ஒண்ணாவது இருக்கட்டுமாம்.

ஓரத்து வாசகி

இருந்துட்டுப் போகட்டும். ஆனா 'அசிஸ்ட்' போட்டா பின்னாடி 'மூவ்' நிக்காது, 'இன் மூவிங்'னு மாத்தச் சொல்லுங்க.